உப்புநீரில் ஒரு காடு: பிச்சாவரம் உழவருக்குச் சொல்லும் பாடம்



ஆற்றுப் பாசனத்தின் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு உப்பைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் வயலின் மேல் வெள்ளை பூத்துக் கிடப்பதையும், நட்ட நாற்று பத்து நாளில் இலை நுனி கருகித் திட்டுத் திட்டாக அழிந்து போவதையும் அவர்கள் ஆண்டுதோறும் கண்டு வருகிறார்கள். அந்த வயல்களுக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே, அதே உப்பில், ஆண்டு முழுவதும் பச்சைப்பசேலென ஒரு காடு நிற்கிறது. அதுதான் பிச்சாவரம் அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவதால் அலையாற்றி என்று வழங்கி, அதுவே அலையாத்தி ஆயிற்று என்பர்.

சென்ற ஆண்டு மாசி மாதம் கொள்ளிடக் கடைமடையைச் சேர்ந்த இருபது உழவர்களை அந்தக் காட்டைக் காண அழைத்துச் சென்றேன். துடுப்புப் படகில் போய்க்கொண்டிருக்கையில் ஓர் உழவர் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த உப்புல இந்த மரம் பொழைக்குது. என் வயல்ல இதுல பாதி உப்புகூட இருக்காது. அங்க நெல்லு பொழைக்கலையே, ஏன் சார்?" என்று கேட்டார்.

அவர் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மண் பரிசோதனை அட்டையைப் பார்த்து, ஜிப்சம் இடும்படி எழுதிக் கொடுத்தவன் நான்தான். அவரும் செலவைப் பார்க்காமல் இரண்டு முறை இட்டார். பலன் கிட்டவில்லை. எங்கே தவறு நேர்ந்தது என்பது அன்றைய படகுப் பயணத்தில்தான் எனக்கே தெளிவாயிற்று. அதை உங்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காடு இருக்கும் இடம்

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், கிள்ளையை அடுத்துப் பிச்சாவரம் உள்ளது. வடக்கே வெள்ளாற்றின் முகத்துவாரம், தெற்கே கொள்ளிடத்தின் முகத்துவாரம், இடையில் உப்பனாறு. இந்த நீர்நிலைகளை எண்ணற்ற சிறு கால்வாய்கள் இணைக்கின்றன. கால்வாய்களுக்கு இடையே ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள் உள்ளன. அவற்றின் மேல்தான் காடு வளர்ந்திருக்கிறது. கடலுக்கும் காட்டிற்கும் நடுவே ஒரு நீண்ட மணல் திட்டு கிடக்கிறது.

2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிச்சாவரம், ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் பல நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கையின்படி நம் நாட்டில் அலையாத்திக் காடுகளின் மொத்தப் பரப்பு 4,992 சதுர கி.மீ. அதில் தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 45 சதுர கி.மீ. மட்டுமே. முத்துப்பேட்டையும் பிச்சாவரமும் அதில் முதன்மையானவை. நம்மிடம் இருப்பது சிறிதளவே என்பதை இந்தக் கணக்கிலிருந்து அறியலாம்.

சிதம்பரம் என்ற ஊருக்கே தில்லை என்று பெயர். அந்தப் பெயருக்குரிய தில்லை மரமும் இந்தக் காட்டு மரங்களுள் ஒன்றுதான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தோலில் பட்டால் கொப்புளிக்கும். ஆகவே படகில் செல்வோர் எந்தக் கிளையையும் ஒடிக்கக் கூடாது.

எப்போது, எப்படிச் செல்வது?

சிதம்பரத்திலிருந்து பேருந்தில் பிச்சாவரம் செல்லலாம். அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை உள்ளது. துடுப்புப் படகும் மோட்டார் படகும் கிடைக்கும். உழவர்கள் துடுப்புப் படகையே தேர்ந்தெடுக்க வேண்டும். மோட்டார் படகு அகன்ற கால்வாயில்தான் செல்லும். வேர்கள் இருபுறமும் உரசும் குறுகிய கால்வாய்க்குள் நுழைவதற்குத் துடுப்புப் படகே ஏற்றது.

கார்த்திகை முதல் மாசி வரை வெயில் தணிந்திருக்கும். வெளிநாட்டுப் பறவைகளும் வந்து தங்கியிருக்கும். காலையில் செல்வது நல்லது. கடல் ஏற்றத்தின்போது சென்றால் குறுகிய கால்வாய்க்குள் தடையின்றிப் போகலாம். வற்றத்தின்போது சென்றால் வேர்கள் முழுவதும் வெளிப்பட்டுத் தெரியும். இங்கே ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிறு வேறுபாடுதான் காட்டையே வாழவைக்கிறது. எப்படி என்பதைப் பின்னால் காண்போம். மிதவைச் சட்டையை அணிந்து கொள்ளுங்கள். பாலித்தீன் பைகளைக் கரையிலேயே விட்டுச் செல்லுங்கள்.

கரையோரக் காவலன் சுரபுன்னை

படகு கால்வாய்க்குள் நுழைந்ததும் இரு கரையிலும் வளைந்து வளைந்து தண்ணீரில் ஊன்றி நிற்கும் வேர்களைக் காண்பீர்கள். அதுதான் சுரபுன்னை. பந்தலுக்குக் கால் நட்டதுபோல் ஒவ்வொரு மரமும் பல வேர்களின் மேல் நிற்கிறது. சேற்று மண்ணில் ஆணிவேர் இறக்கிப் பயனில்லை என்பதால், அகலமாகக் கால் பரப்பி நிற்கும் வழியை இம்மரம் கைக்கொண்டிருக்கிறது. ஓடும் தண்ணீரின் வேகத்தை இந்த வேர்கள் தணிக்கின்றன. வண்டல் அங்கேயே படிகிறது. கரை அரிக்கப்படுவது குறைகிறது.

உப்பை இம்மரம் வாசலிலேயே தடுத்து நிறுத்துகிறது. தண்ணீரை உறிஞ்சும்போது வேர்களே வடிகட்டி போல் செயல்பட்டு, நீரிலுள்ள உப்பில் பெரும்பகுதியை உள்ளே விடாமல் தள்ளிவிடுகின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அதில் மிகச் சிறு பங்கே மரத்தின் உள்ளே செல்கிறது.

கிளைகளில் முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்குபவை காய்களல்ல, முளைவிட்ட நாற்றுகள். விதை மரத்திலேயே முளைத்து, தாய்மரத்தின் உணவை உண்டு வளர்ந்து, பின்னரே கீழே விழுகிறது. சேற்றில் விழுந்தால் அங்கேயே ஊன்றிக் கொள்ளும். தண்ணீரில் விழுந்தால் மிதந்து சென்று வேறொரு கரையில் ஊன்றும். முளைத்து இளநாற்றாக இருக்கும் பருவத்தில் பயிர் உப்புக்கு மிகவும் அஞ்சும். அந்தப் பருவத்தைத் தாய்மரத்திலேயே கழித்துவிட்டுக் களத்தில் இறங்குகிறது இந்த நாற்று. உவர் நிலத்தில் இளம் நாற்றை நடாமல், சற்று முதிர்ந்த நாற்றைக் குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வைத்து நடும்படி நாம் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

சுரபுன்னையில் இங்கே இரண்டு இனங்கள் உள்ளன. அவை இரண்டும் கலந்து உண்டான கலப்பினம் ஒன்றும் இங்கே காணப்படுகிறது. அதற்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரே தாவரவியல் பெயராக வைக்கப்பட்டுள்ளது.

உப்பை வெளியேற்றும் வெண்கண்டல்

கரையோரச் சுரபுன்னைக்குப் பின்னே, தீவின் உட்பகுதியில் வெண்கண்டல் மரங்கள் மிகுந்திருக்கும். இதன் இலையைத் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். இம்மரம் ஓரளவு உப்பை உள்ளே விட்டு, பின் இலைகளிலுள்ள உப்புச் சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. நல்ல வெயிலில் இலையின் மேல் உப்புத் துகள்கள் மின்னுவதைக் காணலாம்.

மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்தாற்போல் நூற்றுக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி நிற்கும். அவை மூச்சு வேர்கள். இந்தச் சேறு கறுப்பானது. துடுப்பால் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். காற்று புகாத மண்ணில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் நாற்றம் அது. வடிகால் இல்லாத பள்ளக்கால் நெல் வயலில் நடக்கும்போது இதே நாற்றத்தை நீங்களும் உணர்ந்திருப்பீர்கள். அங்கே நெல்லின் வேர்கள் கறுத்துப் போவதையும் கண்டிருப்பீர்கள். மண்ணில் காற்றில்லாததால் வெண்கண்டல் வேரை மேலே நீட்டி மூச்சு வாங்குகிறது. நெற்பயிரோ தண்டிலுள்ள காற்றறைகள் வழியாக வேருக்குக் காற்றை அனுப்புகிறது. இரண்டும் ஒரே தேவைக்காகச் செய்யும் இரு வேறு ஏற்பாடுகள்.

இவ்வளவையும் கேட்ட அந்த உழவர், "அப்ப நெல்லுக்கு இந்தச் சக்தி இல்லை, அவ்வளவுதானே?" என்றார். பாதி உண்மை அதுதான். மரத்தின் இந்தக் குணத்தை நெல்லில் புகுத்த வெண்கண்டலின் மரபணுக்களைக் கொண்டு ஆராய்ச்சிகளும் நம் மாநிலத்தில் நடந்துள்ளன. ஆனால் மீதிப் பாதி உண்மையைக் காட்டியது, படகு அடுத்து நின்ற இடம்.

மொட்டைத் திட்டு சொன்ன கதை

ஓரிடத்தில் மரங்கள் குட்டையாக, ஒரே வயதினவாக, வரிசை வரிசையாக நின்றன. இடையிடையே வெட்டிய வாய்க்கால்கள் ஓடின. "ஐயா, எங்க அப்பா காலத்துல இது மொட்டைத் திட்டு. உமரிகூட சரியா முளைக்காது" என்றார் படகோட்டி.

அந்தக் கதை இதுதான். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியாக முழுவதும் வெட்டி எடுக்கும் முறை கையாளப்பட்டது. மரங்கள் தாமாக மீண்டும் வளர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்த அம்முறை 1970களில்தான் கைவிடப்பட்டது. வெட்டிய இடங்கள் பலவற்றில் மரம் மீண்டும் வளரவில்லை. ஏன்? நிழல் போனதும் வெயில் நேரே மண்ணில் விழுந்தது. மண்ணின் ஈரம் வற்றியது. மண் அமிழ்ந்து நடுப்பகுதி தாம்பாளம் போல் பள்ளமாயிற்று. ஏற்றத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தின்போது வெளியேற முடியாமல் அங்கேயே தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் காய்ந்து உப்பு மட்டும் மண்ணில் தங்கியது. மீண்டும் ஏற்றம், மீண்டும் தேக்கம், மீண்டும் உப்பு. கடைசியில் கடல்நீரிலேயே வாழப் பிறந்த மரங்கள்கூட அந்த உப்பைத் தாங்க முடியாமல் போயின.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டனர். இயற்கைக் கால்வாயிலிருந்து பள்ளப் பகுதிக்குள் முதன்மை வாய்க்கால் ஒன்றை வெட்டினர். அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களை வெட்டினர். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போல் தோன்றும். ஏற்றத்தில் நீர் உள்ளே வந்து, வற்றத்தில் தேங்காமல் வெளியேறியது. ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் மண்ணிலிருந்த உப்பைக் கரைத்து எடுத்துச் சென்றது. உப்பு குறைந்ததும் வாய்க்கால் சரிவுகளில் வெண்கண்டல் கன்றுகளை நட்டனர். இன்று நாம் காணும் குட்டை மரங்கள் அப்படி உருவானவையே. இந்தக் கால்வாய்களில் இறால், நண்டு பிடித்து வாழும் இருளர் குடும்பத்தினரும் அப்பணியில் பங்கு கொண்டனர்.

உழவர் பெருமக்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்தத் திட்டு அழிந்தது உப்பு வந்ததால் அல்ல. வந்த உப்பு வெளியேற வழியில்லாததால். அது மீண்டதும் மருந்தாலோ உரத்தாலோ அல்ல, வடிகாலால்.

படகிலேயே அந்த உழவரிடம், "ஐயா, உங்கள் வயலின் வடிகால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. "அது தூர்ந்து போயி எத்தனையோ வருஷமாச்சு சார். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும்தான் கெடக்கு" என்றார்.

ஜிப்சம் பலன் தராததன் காரணம் அதில்தான் இருந்தது. ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து, மண்ணைப் பிடித்துக் கொண்டிருக்கும் சோடியத்தை விடுவிக்கும். விடுபட்ட சோடியம் தண்ணீரில் கரைந்து நிற்கும். அந்தத் தண்ணீரை வயலை விட்டு வெளியேற்றினால்தான் வேலை முடிந்ததாகும். வடிக்காவிட்டால் தண்ணீர் காய்ந்து, சோடியமும் உப்பும் அங்கேயே தங்கிவிடும். நான் அட்டையைப் பார்த்தேன். வடிகாலைப் போய்ப் பார்க்கவில்லை.

மேலிருந்து வரும் தண்ணீர்

இன்னொன்றும் நாம் அறிய வேண்டும். அலையாத்திக் காட்டுக்குக் கடல்நீர் மட்டும் போதாது; ஆற்றின் நன்னீரும் வேண்டும். "மார்கழியில இந்தத் தண்ணிய வாயில வைக்கலாம், சித்திரையில வச்சா வாய் வெந்துபோகும்" என்றார் படகோட்டி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொள்ளிடம், வெள்ளாறு, உப்பனாறு வழியே நன்னீர் வந்து உப்பைக் குறைக்கிறது. கோடையில் உப்பு கடல்நீரளவை எட்டுகிறது. தேக்கமுள்ள இடங்களில் அதையும் மிஞ்சுகிறது.

19ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தின் தலைப்பில் முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டன. 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. இவற்றால் லட்சக்கணக்கான ஏக்கர் பாசனம் பெற்றது. அதே வேளையில் முகத்துவாரத்திற்கு வரும் நன்னீர் குறைந்து, ஆண்டில் சில மாதங்களுக்குள் ஒடுங்கிவிட்டது. உப்புக் குறைந்த நீரை விரும்பும் சில மர இனங்கள் இங்கே அருகிவிட்டன. உப்பை மிகுதியாகத் தாங்கும் வெண்கண்டலே இன்று மேலோங்கி நிற்கிறது.

இப்போது இக்காட்டிற்குக் கிடைக்கும் நன்னீரில் ஒரு பகுதி, கான்சாகிபு வாய்க்கால் வழியே வரும் வயல்களின் வடிநீர். அதாவது, நம் வயலில் பாய்ந்து வடிந்த தண்ணீரே அந்த மரங்களின் வேருக்குப் போகிறது. அதனுடன் நாம் இட்டு வீணான தழைச்சத்தும், தெளித்த பூச்சிமருந்தும் சேர்ந்தே போகின்றன. இறாலும் நண்டும் பூச்சிகளுக்கு உறவான கணுக்காலிகள். பூச்சியைக் கொல்லும் மருந்து அவற்றின் குஞ்சுகளையும் விட்டுவைக்காது.

காடு நமக்குச் செய்வது என்ன?

இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஏற்றத்துடன் கால்வாய்க்குள் வந்து, வேர்களின் இடையே ஒளிந்து, உதிர்ந்து மக்கும் இலைகளைச் சார்ந்த இரையை உண்டு வளர்ந்து, பின் கடலுக்குத் திரும்புகின்றன. பல மீன்களும் அப்படியே. கடலில் வலை வீசுபவரின் வருவாய்க்கு இக்காடே நாற்றங்கால் எனலாம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, முகத்துவாரத்தை ஒட்டிய மணல் திட்டுக் குடியிருப்புகள் கடும் உயிர்ச்சேதத்திற்கு உள்ளாயின. காட்டிற்குப் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததைப் பின்னர் நடந்த ஆய்வுகள் பதிவு செய்தன. கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமும் இதற்குக் காரணம் என்று சில ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர். அதையும் ஏற்க வேண்டும். ஆழிப்பேரலையை முழுவதும் தடுத்து நிறுத்த எந்த மரத்தாலும் இயலாது. ஆயினும் அலையின் வேகத்தைத் தணிப்பதிலும், கரை அரிப்பைக் குறைப்பதிலும், புயல்காலத்தில் ஏறிவரும் கடல்நீரின் விசையைக் குறைப்பதிலும் இவை உதவுகின்றன என்பதில் ஐயமில்லை. காட்டிற்குப் பின்னே இருக்கும் வயலுக்கு இந்தக் காடு ஓர் உயிர்வேலி.

இக்காட்டிற்கு ஆடுமாடுகளாலும் கேடு நேர்கிறது. வெண்கண்டல் தழையைக் கால்நடைகள் விரும்பித் தின்னும். இளங்கன்றுகளை மேயவிட்டால் நட்டவர் உழைப்பு ஒரே நாளில் வீணாகும். இறால் பண்ணைகளைப் பற்றியும் ஒரு சொல். விளைநிலத்தில் உப்புநீரைத் தேக்கினால் கசிவு பக்கத்து வயலையும் கிணற்றையும் கெடுக்கும். 1990களில் இது பெரும் வழக்காகி, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் பண்ணைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. 2005ஆம் ஆண்டு இதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. ஆகவே குத்தகைப் பணத்தைப் பார்த்து நல்ல விளைநிலத்தைக் குட்டையாக்க இசைவதற்குமுன், அண்டை நிலத்துக்காரரையும் எண்ணிப் பாருங்கள்.

நம் வயலில் செய்ய வேண்டியவை

1. கோடையில், அறுவடைக்குப் பின், மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதியுங்கள். மின்கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேலிருந்தால் அது உவர் நிலம். கார அமில நிலை 8.5க்கு மேலிருந்து, சோடியமும் மிகுந்திருந்தால் களர் நிலம். இரண்டும் கலந்தும் இருக்கலாம்.

2. வெறும் உவர் நிலத்திற்கு ஜிப்சம் தேவையில்லை. நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தாலே போதும். களர் நிலத்திற்கு மட்டும், பரிசோதனை சொல்லும் அளவில் ஜிப்சம் இடுங்கள். எந்த நிலமாயினும் முதல் வேலை வடிகாலைத் தூர் வாருவதே. ஒருவர் மட்டும் வாரிப் பயனில்லை. ஒரே வடிகாலில் நீர் விடும் அனைவரும் கூடிச் செய்ய வேண்டும்.

3. காட்டுக்குக் கடல்நீரே கழுவும் நீர். வயலுக்கு மழைநீரும் ஆற்றுநீருமே கழுவும் நீர். ஆகவே வயலுக்குள் கடல்நீர் வரக் கூடாது; வயலின் நீர் வெளியேற வேண்டும். கடைமடை மதகின் அடைப்புப் பலகைகள் பழுதின்றி உள்ளனவா என்பதை மழைக்கு முன்பே பார்த்துக் கொள்ளுங்கள்.

4. வயலைச் சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி, பருவமழை நீரைத் தேக்கி, சில நாள் நிறுத்தி, பின் வடித்து விடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். தேக்கிய நீரை வயலிலேயே காயவிடாதீர்கள். 2004ஆம் ஆண்டு கடல்நீர் புகுந்த நிலங்கள் பலவற்றில், அடுத்த ஆண்டின் கனமழையே உப்பைக் கழுவி மீட்டுத் தந்தது.

5. தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். உப்பைத் தாங்கும் கோ 43, திருச்சி 1 போன்ற நெல் இரகங்களைப் பற்றி உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரிடம் கலந்து முடிவு செய்யுங்கள்.

6. யூரியாவைப் பிரித்து இடுங்கள். மழை வரும் அறிகுறி இருக்கும்போது பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். மருந்து தெளித்த வயலின் நீரைச் சில நாள்கள் வடிக்காதீர்கள். தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீர்கள். பொருளாதாரச் சேத நிலையை எட்டினால் மட்டுமே மருந்தை நாடுங்கள்.

7. கடலோரத்தில் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து அளவுக்கு மீறி நீர் இறைக்காதீர்கள். நன்னீர் குறைந்த இடத்தைக் கடல்நீர் நிலத்தடியில் வந்து நிரப்பும். ஒருமுறை கெட்ட கிணறு எளிதில் நலம்பெறாது.

முடிவாக

அந்த உழவரும் பக்கத்து வயல்காரர் ஆறு பேரும் சென்ற ஆடியில் ஒன்றுகூடித் தம் வடிகாலை வாரினார்கள். நானும் ஒருநாள் உடன் நின்றேன். ஐப்பசி, கார்த்திகை மழையை இருமுறை தேக்கி வடித்தார்கள். இவ்வாண்டு தை மாதம் போய்ப் பார்த்தபோது, வெள்ளை பூக்கும் திட்டு பாதியாகக் குறைந்திருந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. வடிகாலின் கடைசிப் பகுதியில் மதகு பழுதாகிக் கிடப்பதால், ஏற்றத்தின்போது உப்புநீர் எதிர்த்து ஏறுகிறது. மதகைச் சீர்படுத்தக் கோரி அவர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். பல ஆண்டு உப்பு ஒரே மழையில் போகாது. ஆனாலும் அந்தப் பாதி நிலத்தில் சம்பா கதிர் வாங்கி நின்றதை நான் கண்ணால் கண்டேன்.

வாய்ப்பு அமையும்போது நீங்களும் குடும்பத்துடன் பிச்சாவரம் சென்று வாருங்கள். அழகைக் கண்டு மகிழுங்கள். அத்துடன், அந்த மரங்களின் வேரைத் தொட்டு ஓடும் தண்ணீரில் உங்கள் வயலின் தண்ணீரும் கலந்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உங்கள் வடிகாலைப் போய்ப் பாருங்கள்.